ஓட்டிப் பார்த்தல்: சத்தம், தெரு, உடைமை

1

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார், அப்புறம் பேசிக்கிடலாம்." இருசக்கர வண்டி விற்கிற எவரிடமும் கேட்கக் கிடைக்கிற வாக்கியம் இது. பேச்சுக்கு முன்னால் உடம்பை வைக்கிற வாக்கியம். விலை, தவணை, மைலேஜ், சர்வீஸ் எல்லாம் பிறகு. முதலில் இருக்கையில் உட்கார், கிளட்சைப் பிடி, கியரைப் போடு. உடம்பு ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் கணக்கு வழக்குதான் என்று விற்கிறவருக்குத் தெரியும்.

விருதுநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். நாற்கரச் சாலையை ஒட்டிய காலி மனை, ஷாமியானா, வாடகை நாற்காலிகள், ஸ்பீக்கரில் பாட்டு, மேசையில் கடன் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். வரிசையாக வண்டிகள். ஒவ்வொன்றின் டேங்கிலும் 'ஓட்டிப் பார்க்க மட்டும்' என்று ஒட்டியிருந்தது. என்னுடன் வந்தவன் ஒரு நண்பரின் மகன். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமம், பட்டாசு ஆபீசில் வேலை. ஆலையை 'ஆபீஸ்' என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம்; தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அவனுக்கு வயது இருபத்தாறு, தலித். அவன் அம்மாவும் கூட வந்திருந்தார்.

முகாமில் நடந்தது பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாருக்கும் சாவி கொடுத்தார்கள், எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். ஆனாலும் திரும்பி வருகிற வழியில் அவன் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அந்த வாக்கியத்துக்குப் போகுமுன் சில விஷயங்களைப் பேசியாக வேண்டும்.

2

ஓட்டிப் பார்த்தல் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது மிகச் சமீபத்திய வரலாறு. 1970களிலும் 80களின் முதல் பாதியிலும் இந்தியாவில் ஸ்கூட்டர் வாங்குவது என்றால் பதிந்துவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்குக்கு அப்படிக் காத்திருந்தவர்கள் இன்றும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். கிடைத்த நிறத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியைச் சோதித்துப் பார்க்கும் பேச்சே எழவில்லை. சோதிக்கப்பட்டது வாங்குகிறவரின் பொறுமைதான்.

80களில் இது மாறத் தொடங்குகிறது. 1980இல் டி.வி.எஸ். 50, 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100ம் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்.எக்ஸ்.100ம். 1991க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்படுகிறது. 1994இல் ஸ்பிளெண்டர் வருகிறது, அதே வருஷம் என்ஃபீல்டு ஐஷர் குழுமத்தின் கைக்குப் போகிறது. 1996இல் ஆர்.எக்ஸ்.100 நின்றுபோகிறது, மைசூரின் எஸ்டியும் மூடப்படுகிறது. 2001இல் பல்சரும் விக்டரும். இந்த வரிசையைச் சொல்வது பழைய வண்டிப் பிரியர்களின் ஏக்கத்துக்காக அல்ல. இதற்குள் ஓர் இடமாற்றம் நடந்திருக்கிறது: முன்பு மனிதன் வண்டிக்காகக் காத்திருந்தான், இப்போது வண்டி மனிதனுக்காகக் காத்திருக்கிறது. கடைக்குள் காத்திருந்தது போதாதென்று பொட்டலில் பந்தல் போட்டும் காத்திருக்கிறது.

பொருள்களைப் பற்றிய தன் நூலில் (1968) பூத்ரியார் கடன்முறையைப் பற்றிச் சொல்வது இங்கே பொருந்தும்: உழைத்துச் சேர்த்த பிறகு பொருள் என்பது பழைய ஒழுங்கு, பொருள் முதலில் உழைப்பு பிறகு என்பது புதியது. ஓட்டிப் பார்த்தல் அதற்கும் ஒரு படி முன்னே நிற்கிறது. கடனுக்கும் முன்னால், கையெழுத்துக்கும் முன்னால், பத்து நிமிஷத்துக்கு உடைமையாளன் ஆவது. அந்தப் பத்து நிமிஷத்தின் நினைவைத்தான் பிறகு 36 மாதம் தவணையாகக் கட்டுகிறோம்.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட நூலில் அப்போது புதிதாக வந்திருந்த சித்ரோயென் காரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. கண்காட்சியில் அந்தக் காரைச் சுற்றி நிற்கிற ஜனங்கள் அதைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. தடவிப் பார்க்கிறார்கள், மெத்தையை அமுக்குகிறார்கள், கதவைத் திறந்து மூடுகிறார்கள். காரின் பெயரெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் பிரெஞ்சில் 'தேவி' என்று ஒலிக்கும். வானத்திலிருந்து இறங்கிய அந்தத் தேவி கால் மணி நேரத் தொடலில் நடுத்தர வர்க்கத்தின் பொருளாகிவிடுகிறாள் என்பது பார்த்தின் வாசிப்பு.

நம் பந்தலில் இதுவும் நடக்கிறது. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறது, ஹேண்டில்பாரில் மாலை. பையன்கள் டேங்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் பார்த்தின் மண்டபத்தில் கார் நகர்வதில்லை. இங்கே வண்டி பந்தலை விட்டு வெளியே போகிறது. தொட்டுப் பார்த்தலுக்கும் ஓட்டிப் பார்த்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஓட்டிப் பார்க்க ஒரு சாலை வேண்டும். சாலை என்று வந்துவிட்டால் அது எங்கிருந்து எங்கே போகிறது, யாருடைய சாலை என்ற கேள்விகளும் வந்துவிடுகின்றன. பாரிஸ் மண்டபத்தில் வர்க்கத்தை மட்டும் வைத்துக் கட்டுரையை முடித்துவிடலாம். விருதுநகரில் அப்படி முடிக்க முடியாது.

3

இந்த மண்ணில் வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு மோட்டார் வந்த பிறகு உண்டானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரத்துச் சிறுநகரங்களான சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவற்றில் குடியேறி வணிகம் செய்த நாடார்கள் முதலில் கட்டியது கோயிலோ பள்ளிக்கூடமோ அல்ல, வண்டிப்பேட்டை. சரக்கேற்றிய மாட்டு வண்டிகளுக்கு வழியில் பாதுகாப்பில்லை. வண்டியையும் மாட்டையும் சரக்கையும் ராத்திரி பத்திரமாக நிறுத்தச் சுற்றுச்சுவர் வேண்டியிருந்தது. பேட்டையைப் பயன்படுத்தியவர்களிடமும் சரக்கின் மீதும் வாங்கிய மகமைதான் பொது நிதியாகி, உறவின்முறையாகி, பிறகு பள்ளிகளும் சந்தைகளும் ஆனது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய ஆய்வு இதை விரிவாகவே சொல்கிறது.

ஆக, ஒரு சமூகத்தின் எழுச்சி வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்த எழுச்சியை மற்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே, மேலாடை போடாதே, கோயிலுக்குள் வராதே என்ற தடைகளுக்கு எதிராக நடந்த நெடிய சண்டையின் உச்சம்தான் 1899 ஜூன் 6 சிவகாசிக் கொள்ளை. 1897இல் தொடங்கிய கமுதி கோயில் வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 1923இல் விருதுபட்டி விருதுநகரானது. அதே வருஷங்களில்தான் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த இரண்டு பேரால் சிவகாசியின் தொழில் வரலாறும் தொடங்குகிறது.

குடை, செருப்பு, மேலாடை ஆகிய மூன்றும் வெயிலுக்கும் முள்ளுக்கும் மானத்துக்குமான சாதாரணப் பொருள்கள். அவற்றை மறுத்தவர்களுக்கு அவற்றின் விலை பொருட்டில்லை. அந்தப் பொருளோடு சேர்ந்த உடம்பு தெருவில் எப்படி நிமிர்கிறது என்பதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது. குடைக்கு அடியில் நடக்கிறவன் குனிந்து நடப்பதில்லை. பொருளைத் தடை செய்வது என்பது உடம்பின் ஒரு நிலையைத் தடை செய்வது. இருசக்கர வண்டியை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

பஸ்ஸும் இந்த வரிசையிலிருந்து தப்பவில்லை. 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அன்றைய அரசு வைத்தது. தலித் தலைவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவுகள். கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுக்கப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனதும் அப்படித்தான். தகரத்தில் எழுதிய ஒரு பெயரைச் சுமந்த வண்டிக்குள் உட்காருவதே ஒரு சாதிக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது என்றால், வண்டி இங்கே வெறும் போக்குவரத்துச் சாதனம் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முந்திய ஒரு சம்பவம். அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிய சிறு நூலில் இரண்டு வண்டிகள் வருகின்றன. 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகும்போது மாட்டு வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து வண்டி ஓட்ட மறுக்கிறான். இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு கூட நடந்து வருகிறான், பையன்களே ஓட்டுகிறார்கள். 1929இல் சாலிஸ்காவ். அம்பேத்கர் அப்போது பாரிஸ்டர். குதிரை வண்டிக்காரர்கள் யாரும் அவரை ஏற்றிப்போகத் தயாரில்லை. அவரை வரவேற்க வந்த மஹர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்டச் சொல்கிறார்கள். பாலத்தருகே வண்டி கவிழ்கிறது, அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிகிறது.

தீண்டாமையைப் பற்றிய பேச்சில் குளம், கிணறு, கோயில், டீக்கடை எல்லாம் வருகின்றன. சாலிஸ்காவில் நடந்தது இன்னொன்று: ஒரு சமூகத்துக்கு ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் வைத்திருந்தது. கவிழ்ந்தது ஓட்டியவரின் குறையால் அல்ல. பழக விடாதவர்களின் வேலை அது.

4

இனி அந்தப் பையன் ஓட்டிய பத்து நிமிஷத்துக்கு வருகிறேன்.

அவன் முதலில் எடுத்தது 350 சி.சி. வண்டி ஒன்று. லைசென்ஸைக் காட்டினான், படிவத்தில் பெயர், செல் நம்பர் எழுதினான். "எந்த ஊரு தம்பி?" என்றார் விற்பனையாளர். ஊரைச் சொன்னான். "ஊர்ல எங்க?" இந்த இரண்டாவது கேள்வியின் எடை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். முகவரிக் கட்டத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கட்டத்தை நிரப்பினால் சாதி தானாக நிரம்பிவிடுகிற ஊரமைப்பு நம்முடையது. குறிப்பிட்ட பகுதிகளை 'நெகடிவ் ஏரியா' என்று தனியே குறித்துவைத்துக் கடன் கொடுக்கத் தயங்குவது சில்லறைக் கடன் உலகில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அவன் "மெயின் ரோடு மேலதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

வண்டியைக் கிளப்பினான். அந்த வண்டிக்கு விளம்பரமே சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, திருவொற்றியூரில் ஆலை வந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன வண்டி. கிராமத்தில் அதை வைத்திருந்தவர்கள் பண்ணையார், மிராசுதார், காண்டிராக்டர். புல்லட் சத்தம் கேட்டால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்க வேண்டும் என்று பொருள். அதாவது அந்தச் சத்தம் வெறும் இயந்திர ஒலி அல்ல, வருகிறவர் யார் என்பதை அவருக்கு முன்பாகவே வந்து சொல்லும் கட்டியம். இன்றைய கம்பெனிகள் அந்தப் பழைய அதிகாரத்தின் எதிரொலியைத்தான் பக்குவப்படுத்தி எல்லாருக்கும் விற்கின்றன.

பத்து நிமிஷம் கழித்துத் திரும்பினான். சர்வீஸ் ரோட்டில் போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, மறுபக்கமாக வந்திருக்கிறான். முகம் மலர்ந்திருந்தது. "எப்படிடா?" என்றேன். "மெதக்குதுண்ணே" என்றான். அடுத்து 100 சி.சி. வண்டி ஒன்றையும் ஓட்டினான். அதில் போய்வந்து ஒன்றும் சொல்லவில்லை. பதிந்தது அதைத்தான்.

பணம்தான் காரணம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கேட்டதற்கு அவன் சொன்னது இது: "டியூ கட்டிருவேண்ணே, அதில்ல. எங்களுக்கு ஊருக்குள்ள போக ஒரே ரோடுதான். அந்தத் தெரு வழியாத்தான் போகணும். அங்க போறப்ப ஆக்சிலேட்டரக் கொறைச்சுக்கிறணும். இந்த வண்டி கொறைச்சாலும் சத்தம் போடும்."

நான் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எந்தத் தெருவிலும் நான் யார் என்பதற்காக ஆக்சிலேட்டரைக் குறைத்ததில்லை. குழந்தை குறுக்கே வந்தால் குறைத்திருக்கிறேன், நாய் வந்தால் குறைத்திருக்கிறேன். இப்படியொரு குறைத்தல் இருக்கிறது என்பதே என் கையின் அனுபவத்தில் இல்லை. பார்வையற்றவரின் கைத்தடி அவர் உடம்பின் பகுதியாகிவிடுகிறது என்று மெர்லோ-போந்தி எழுதினார். சரிதான், வண்டியும் அப்படித்தான் உடம்பாகிறது. ஆனால் எந்த உடம்பின் நீட்சி என்பதையும் கேட்க வேண்டும். என் கையில் சாதி எடையில்லாமல் இருக்கிறது. அவன் வலது மணிக்கட்டில் அது உட்கார்ந்திருக்கிறது.

அவன் பயம் கற்பனை அல்ல. தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் ஆதிக்கச் சாதித் தெருக்களில் தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது பலமுறை பதிவாகியிருக்கிறது. இது பழங்கதை என்று சொல்கிறவர்களுக்கு 2025 பிப்ரவரி. மானாமதுரைக்கு அருகே ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். வெட்டப்பட்டது எது என்று பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற உறுப்பு.

5

இந்த இடத்தில் அவன் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டாசு ஆபீசில் அவன் மருந்து அறைப் பக்கம் வேலை பார்க்கிறவன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். அங்கே உடம்புக்குக் கற்றுக்கொடுக்கப்படுவது மெதுவாக இருப்பது. உராயக் கூடாது, இழுக்கக் கூடாது, கீழே போடக் கூடாது. இரும்புக் கருவி ஆகாது. உள்ளே போகுமுன் உடம்பிலுள்ள மின்னேற்றம் இறங்க உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி. வண்டிகளும் செல்போனும் வாசலோடு சரி. இந்த விதிகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி போதும். அன்று செத்தவர்களில் கணிசமானவர்கள் தீயைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் பார்க்க வந்தவர்களும்.

என்ஜினுக்குள் நடப்பதும் இதேதான். பெட்ரோலும் காற்றும் அடைபட்டு, அழுத்தப்பட்டு, ஒரு பொறியில் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. அடக்கிவைத்த தீ. ஆபீசில் அவன் உடம்பு பொறிக்குப் பயந்து அடங்கியிருக்கிறது. வண்டியில் அந்தப் பொறி அவன் விரலுக்குக் கட்டுப்படுகிறது. 'மெதக்குது' என்ற சொல்லை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இளைஞர்களின் வேக மோகம், சினிமா பாதிப்பு என்று நாம் சுலபமாக ஒதுக்குகிற ஒன்றுக்கு அடியில், நாள் முழுக்க அடக்கிவைக்கப்பட்ட உடம்பின் விடுதலை இருக்கிறது.

இன்னொன்று. அவன் உற்பத்தி செய்வது சத்தம். தீபாவளிக்கு டில்லியிலும் பம்பாயிலும் வெடிக்கிற சத்தம், கட்சிக்காரர்களின் வெற்றி ஊர்வலத்தில் வெடிக்கிற சரவெடி, அவன் ஊரில் அந்தத் தெருக்காரர்கள் கோயில் கொடைக்கு வெடிக்கிறது, எல்லாம் அவனைப் போன்றவர்களின் கையிலிருந்து போனவை. ஊர் முழுக்கச் சத்தம் செய்துகொடுக்கிறவன் தன் ஊர்த் தெருவில் சத்தமில்லாமல் போக வேண்டியிருக்கிறது. அந்நியமாதல் பற்றி நாம் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கு எதிராக நிற்பதை இதைவிடக் கண்கூடாக நான் பார்த்ததில்லை.

கடன் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. அவனுக்கு எண்ணிக்கைக் கூலி. மழை பெய்தால் வேலையில்லை, தீபாவளி முடிந்து சில காலம் வேலையில்லை. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தைத் தடைசெய்து பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தவணைக்கு மழையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தேதி மட்டும் உண்டு. கட்டவில்லை என்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பத்து நிமிஷ உடைமைக்கும் முழு உடைமைக்கும் இடையில் இப்படி ஒரு நீண்ட அரைகுறை உடைமை இருக்கிறது.

அவன் அம்மாவை யாரும் ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. "அம்மா, பின்னாடி உக்காந்து பாருங்க, சீட்டு சௌகரியமா இருக்கான்னு" என்றார்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கம்பி கைக்கு எட்டுது தம்பி" என்று என்னிடம் சொன்னார். 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும், ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பாதிச் சக்கரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்கிறது. நல்ல விதி, உயிர் காக்கிற விதி. அதே நேரத்தில் பெண்ணின் இடம் பின்னால் என்பதும் அதில் இரும்பாக வார்க்கப்பட்டிருக்கிறது. 90களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை இதோடு ஒப்பிடலாம். அங்கே ஓட்டிப் பார்த்தவர்கள் கூட்டமாக ஓட்டினார்கள்; விழுந்தவர்களைத் தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் இருந்தது; முக்கியமாக, சொந்த ஊர்த் தெருவிலேயே ஓட்டினார்கள். பந்தலில் நடப்பது தனித்தனி ஆளுக்கான சோதனை. அது யாருக்கும் சொந்தமில்லாத நாற்கரச் சாலையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

6

இதையெல்லாம் படிக்கிற இடதுசாரி நண்பர் ஒருவர் கேட்கக்கூடும்: வண்டி ஆசை என்பது நுகர்வுக் கலாச்சாரம் உண்டாக்கிய போலித் தேவைதானே, அதற்கு ஏன் இவ்வளவு தத்துவம்? மறுபக்கத்தில், சந்திரபான் பிரசாத் போன்றவர்கள் சந்தையும் நுகர்வும் சாதியைக் கரைக்கும் என்று வாதிட்டு வருகிறார்கள். பணம் கொடுத்தால் சாவி கொடுக்கிறான், சாதி கேட்பதில்லை; ஆகவே சந்தை விடுதலை தருகிறது என்பது அந்த வாதத்தின் சாரம்.

முதல் கேள்விக்குப் பதில் 1995 ஆகஸ்டு 31. கொடியன்குளத்தில் நுழைந்த போலீஸ் படை ஆட்களை அடித்ததோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் டி.வி.யை, மின்விசிறியை, தையல் மிஷினை உடைத்தது, கிணற்றைப் பாழாக்கியது. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் வந்த பொருள்கள். போலித் தேவையின் அடையாளங்களை ஒழிப்பதற்காகவா உடைத்தார்கள்? தலித் வீட்டில் ஒரு மின்விசிறி சுற்றுவதன் அர்த்தம் உடைத்தவர்களுக்கு நம் விமர்சகர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நுகர்வைப் பழிக்கும் விமர்சனம், யார் நுகர்கிறார்கள் என்று பார்க்காதபோது, தடியோடு வந்தவர்கள் பக்கம் போய் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பந்தலில் அவன் கையில் சாவியைக் கொடுத்தார்கள், 'தம்பி' என்று கூப்பிட்டார்கள், கைகுலுக்கினார்கள். ஒரு பண்ணையார் வீட்டு வாசலில் இது நடந்திருக்காது. இதைச் சிறிதாக நினைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் சந்தை அவனுக்குத் தந்த சமத்துவத்தின் நீளம் சர்வீஸ் ரோட்டின் நீளம்தான். அதைத் தாண்டி ஊருக்குள் திரும்புகிற இடத்தில் சந்தை இறங்கிக்கொள்கிறது. வண்டியை விற்கிறவர் தெருவைச் சேர்த்து விற்க முடியாது. தெருவை மாற்றுவது அரசியலின் வேலை. வண்டிப்பேட்டை கட்டியவர்களும் வண்டி வாங்கியதால் மட்டும் நிமிரவில்லை. மகமை கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், வழக்காடினார்கள், சண்டை போட்டார்கள். அந்த வரலாற்றின் வாரிசுகளும் தங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் அதை மறந்துவிட்டுப் பேசுகிற வேளைகள் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

முகாம் முடியும் நேரத்தில் விற்பனையாளர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். யார் எந்த வண்டியை ஓட்டினார்கள், எதை எடுத்தார்கள், எடுக்காவிட்டால் காரணம் என்ன என்று கட்டம் போட்ட நோட்டு. மேலே அனுப்ப வேண்டுமாம். நண்பரின் மகன் பெயருக்கு நேரே, 350 சி.சி.யை எடுக்காததற்கான காரணம் என்ற கட்டத்தில் 'விலை அதிகம்' என்று எழுதியிருந்தார். அவர் பொய் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் அவன் காரணத்தை எழுத வார்த்தை கிடையாது. ஊரிலிருந்து கம்பெனிக்கும், கம்பெனியிலிருந்து சந்தை ஆய்வுக்கும், அங்கிருந்து இந்தியக் கிராமப்புற நுகர்வோர் பற்றிய கட்டுரைகளுக்கும் இப்படித்தான் தகவல் போய்ச் சேர்கிறது: தென்மாவட்டத்து இளைஞர்கள் மைலேஜ் பார்க்கிறார்கள், விலை பார்க்கிறார்கள் என்று.

போன மாதம் அவன் ஊருக்குப் போயிருந்தேன். புது வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். அந்தத் தெரு வந்தது. வண்டியில் ஏற்கெனவே சத்தம் கிடையாது. இருந்தும் அவன் கை தானாகத் திரும்பி வேகம் குறைந்தது.